எழுபதில் நின்ற முள்

இன்ஜின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரின் முள் எழுபதில் போய் நின்றுகொண்டது. அண்ணன் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு கிக்கரை விடாமல் உதைத்துப் பார்த்தான். எழுபதுக்கு மேல் ஒரு இம்மி ஏறவில்லை. நூற்றிருபது காட்ட வேண்டிய இன்ஜின் அது. புதுப் பிஸ்டன், புது ரிங், லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிய சிலிண்டர் என்று சகலமும் மாற்றிக் கட்டியிருக்கிறது. அவ்வளவும் செய்த பிறகு அழுத்தம் இந்த லட்சணத்தில் இருந்தால் கட்டியவருக்கு எப்படி இருக்கும்? கடையக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பிரிச்சிடு," என்றான் அண்ணன். "மறுபடி நான் கட்டிக்கறேன். நீ கையக் கழுவிட்டு முன்னால போ."

முன்னால் என்றால் முன்கடைக்கு. தெருவைப் பார்த்தபடி உதிரிபாகம் விற்கிற கடை, அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, இரண்டும் அண்ணன் தங்கை இருவருக்கும் சரிபாதி. சரிபாதி என்பது பத்திரத்தில். நடப்பில் பட்டறை அண்ணனுடையது, கடை தங்கையுடையது. பட்டறையில் நடப்பதைப் பற்றிக் கடையில் இருப்பவள் வாயைத் திறக்கக் கூடாது. இப்படி ஒரு பாகப்பிரிவினையை யார் எப்போது செய்து வைத்தார்கள் என்று கேட்டால் இருவருமே திருதிருவென்று விழிப்பார்கள். வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து பிளக்கும் பல்பும் கேபிளும் எடுத்துக் கொடுத்ததில் ஊரே அவளைக் கடையக்கா என்றது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கடையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பாக்கெட்டில் வந்த சாமான் எதுவும் மிச்சமாகக் கூடாது. யாராவது கிளட்ச் செட் வாங்கிப்போய் மாட்டிவிட்டு, இந்த வாஷர் மட்டும் மிஞ்சிவிட்டது என்று கையில் ஏந்திக்கொண்டு வந்தால் போதும், அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வேண்டாத வாஷரை உள்ளே போட்டு அனுப்பக் கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா, போய்ப் பிரித்து ஒழுங்காக மாட்டு என்று விரட்டுவாள். அநேகமாக அவள் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். திட்டு வாங்கிப் போனவர்கள் மறுநாள் அசட்டுச் சிரிப்போடு வந்து ஒத்துக்கொண்டு போவார்கள்.

பட்டறையில் ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச் ஒன்று இருந்தது. பழைய சைலன்சரும் உடைந்த விளக்கும் அதன் மேல் குப்பையாக ஏறிக் கிடந்தன. போன மழைக்காலத்தில் அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியாமல் அவன் முனக, வண்டிகள் தெரு வரைக்கும் வரிசைகட்டி நின்றன. கடையக்கா யாரையும் கேட்கவில்லை. குப்பையை வாரி வெளியே போட்டாள், பெஞ்சை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவினாள், கார்புரேட்டரில் ஆரம்பித்தாள். பிறகு பிரேக், அதற்குப் பிறகு கிளட்ச். அண்ணன் முணுமுணுத்தான். ஆனால் அவள் கைபட்டுப் போன வண்டி எதுவும் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வராததால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டான். கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை அவள் வெளியே காட்டவில்லை. காட்டினால் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தாள்.

மாட்டு டாக்டரின் வண்டி அப்போதுதான் வந்தது. பைக்குக்கு இருப்பதுபோல் ஹாண்டில்பார், கீழே நான்கு குண்டு டயர், சேறு சரிவு ஓடை எதையும் பார்க்காமல் ஏறிப் போகிற ஏ.டி.வி. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின். மேட்டுப் பண்ணைகளுக்குப் போக அவருக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை. மனுஷர் ஒரு நாள் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்து ஓட்டியிருக்கிறார். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டுவிட்டது. முழு இன்ஜினையும் பிரித்துக் கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன் என்றாள் கடையக்கா.

அண்ணன் டாக்டர் எதிரிலேயே சிரித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தான். இன்ஜின் ஒழுங்காக வந்தால் ஜன்னல் பெஞ்ச் இனிமேல் அவளுக்கே. வராவிட்டால் கடைக்குத் திரும்பிவிட வேண்டும், அப்புறம் ஸ்பேனரைத் தொடக் கூடாது. தன் பாதிச் சொத்தில் கிடக்கிற பெஞ்சுக்கு அவளே பந்தயம் கட்ட வேண்டுமாம். என்ன நியாயம் இது என்று அங்கே நின்ற மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

அந்தப் பந்தயத்தின் முடிவுதான் இப்போது எழுபதில் நிற்கிறது. சாயங்காலம் டாக்டர் வண்டி எடுக்க வருகிறார். அண்ணன் ஸ்பேனர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் துழாவ ஆரம்பித்திருந்தான்.

"பிரிக்க மாட்டேன்," என்றாள் கடையக்கா. "உன்னையும் பிரிக்க விடமாட்டேன்."

"அப்போ இப்படியே குடுத்துடலாம்ங்கறியா?"

"ஏன் குறையுதுன்னு தெரியாம பிரிச்சா, திரும்ப சேர்க்கும்போதும் தெரியாமத்தான் சேர்ப்போம். மூடி இருக்கும்போதே கண்டுபிடிக்கணும். பிரிச்சிட்டா சாட்சி போயிடும்."

"சாட்சியா? இதென்ன கோர்ட்டா?"

"எனக்கு கோர்ட்டுதான்."

அண்ணன் பொரிந்து தள்ளினான். ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருப்பாள், இல்லாவிட்டால் ஹெட்டை ஒரு பக்கமாக முறுக்கியிருப்பாள், கண்ணைக் கட்டிவிட்டாலும் தன்னால் சொல்ல முடியும், பிரித்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் என்று சொல்லிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடிக்கத் தேவையே இல்லாத எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான்.

கடையக்கா வீறாப்பாகப் பேசிவிட்டாள். உள்ளே என்ன தப்பு என்று அவளுக்கும்தான் தெரியாது. அவள் ஒரு துணியை எடுத்து இன்ஜினைச் சுற்றித் துடைத்தபடி யோசித்தாள். பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கின் இடுக்கு வழியாகக் கீழே நழுவலாம். அல்லது மேலே மூடியிருக்கிற ஹெட்டின் ஓரமாகக் கசியலாம். இரண்டும் இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்து மூன்றே வழிதான்.

முதலில் ரிங்கைப் பார்த்தாள். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி அதைச் சுற்றிப் பரவவிட்டாள். ரிங்கில் கோளாறு என்றால் ஆயில் இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் சட்டென்று எகிறும். மீட்டரை மாட்டி, வலது கால் முட்டி விண்ணென்று தெறிக்கும்வரை உதைத்தாள். முள் எழுபதைத் தாண்ட மனசில்லாமல் ஒரு மயிரிழை ஏறி நின்றது. ரிங் இல்லை. அவளுக்கு ஒரு பாரம் குறைந்தது.

அடுத்தது ஹெட். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கியரில் போட்டு, பிரேக் பிடியை ரப்பர் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினாள். கம்ப்ரஸர் குழாயைப் பிளக் ஓட்டையில் பொருத்திக் காற்றை ஏற்றிவிட்டு, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஹெட் சேரும் இடமெல்லாம் பூசினாள். எங்கேயாவது கசிந்தால் குமிழி கிளம்பும். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. சைலன்சர் வாயில் காதை வைத்துக் கேட்டாள்; புது ரிங்குக்கு வழக்கமாக இருக்கும் மெல்லிய மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"குளிப்பாட்டி முடிச்சாச்சா?" என்றான் அண்ணன் திரும்பாமலே. "பவுடர் போடலையா?"

அவள் நுரையைத் துடைத்தாள். அவனுக்கோ சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, லேத்துக்காரர்தான் சிலிண்டரை அளவுக்கு மேல் கடைந்து கெடுத்திருக்கிறார் என்று புதுக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொன்னான். உடனே போன் பண்ணி நாலு வார்த்தை கேட்கப்போவதாகக் கையில் போனையும் எடுத்துவிட்டான். கடையக்கா போனைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பிஸ்டனை உள்ளே விடுவதற்கு முன்னால் இடைவெளியை அவளே அளந்து பார்த்திருக்கிறாள், அளவு கச்சிதம். எதிரில் இல்லாத ஆளின் தலையில் பழியைக் கட்டித் தப்பித்துக்கொள்வதற்கு அவள் இத்தனை பாடுபடவில்லை என்று சொல்லி அவனை உட்காரவைத்தாள்.

மிச்சம் இருந்தது மீட்டர். கடைக்குச் சாமான் ஏற்றிவரும் சொந்த ஸ்கூட்டர் ஒன்று வாசலில் நின்றது. அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். தினமும் காலையில் அரை உதையில் கிளம்பி, சந்தைத் தெரு மேட்டில் மூட்டையோடு ஏறும் வண்டி. அதைத் தள்ளிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றி மீட்டரை மாட்டினாள். முள் அறுபத்தைந்தில் நின்றது. கடையக்கா அப்படியே மீட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அண்ணே, இங்க வா. அறுபத்தஞ்சு காட்டுற வண்டி அரை உதையில ஸ்டார்ட் ஆகுமா?"

அண்ணன் மீட்டரையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் மீட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், குழாயின் நுனியைத் திருகிப் பிரித்தாள். உள்ளே சின்னதாக ஒரு வால்வு ஊசி இருக்கும். இன்ஜின் தள்ளுகிற காற்றை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பப் போகாமல் பிடித்துவைப்பது அதுதான். அவள் அதை விரல் நுனியால் அழுத்தினாள். அழுத்தியவுடனே தெரிந்துவிட்டது. டயர் டியூபில் இருக்கும் ஊசி அது. கடையில் அவள் கைநிறைய அள்ளி விற்கிற சாமான், இருட்டில் தொட்டாலும் அடையாளம் தெரியும். டியூப் ஊசியின் ஸ்பிரிங் முரடு. மீட்டருக்கு வேண்டியதோ விரல் பட்டாலே திறக்கிற மெத்தென்ற ஸ்பிரிங். முரட்டு ஸ்பிரிங்கைத் திறந்து திறந்தே இன்ஜினின் பலம் பாதி தீர்ந்துபோனால், முள்ளுக்கு என்ன மிஞ்சும்?

அலமாரியின் மேல்தட்டில் இருந்த மீட்டரின் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பிரிக்காத சின்ன பிளாஸ்டிக் உறையில் ஒரு ஊசி. மீட்டரோடு கூடவே கொடுத்த உபரி ஊசி அது. பெட்டியில் ஒரு சாமான் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணன் இழுத்து இழுத்து ஒத்துக்கொண்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய ஊசி கசிந்ததாம். அவசரத்துக்குக் கடையிலிருந்து ஒரு டியூப் ஊசியை எடுத்துப் போட்டானாம். எல்லாம் ஒரே ஊசிதானே என்று நினைத்தானாம்.

"அப்போலேர்ந்து இந்த மீட்டர நம்பி எத்தன இன்ஜினப் பிரிச்சே?" என்று கேட்டாள் அவள்.

பால்காரரின் மொபெட்டும் மரம் அறுப்பவரின் இன்ஜின் ரம்பமும் இருவர் மனசிலும் ஒரே சமயத்தில் வந்து போயின. இரண்டையும் அழுத்தம் போதாது என்று சொல்லிப் பிரித்து, நல்ல ரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டு, திரும்ப அளந்து பார்க்காமலே அனுப்பியவன் அவன். அவள் அதற்கு மேல் நோண்டவில்லை. சரியான ஊசியைப் போட்டு ஸ்கூட்டரைச் சோதித்தாள். நூற்றிருபத்தைந்து. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வண்டியில் மாட்டி உதைத்தாள். முள் கிடுகிடுவென்று ஏறி நூற்றுப்பத்தில் நின்றது.

அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. மீட்டர் விஷயத்தில் பட்ட வெட்கத்தையெல்லாம் இதில் கழுவிவிடலாம் என்ற அவசரம் அவனுக்கு. பத்துப் பாயிண்ட் ஒரு விஷயமா, புது ரிங் ஓட ஓடப் படிந்து தானாக ஏறிவிடும், ஜன்னல் பெஞ்சை நீயே வைத்துக்கொள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். போய் டீ வாங்கி வருகிறேன் என்று வேறு கிளம்பினான்.

அவள் ஜெயித்துவிட்டாள். ஜன்னலோரம் போய்ப் பெஞ்சின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். இனி இந்த இடத்திலிருந்து அவளை யாரும் எழுப்ப முடியாது, காலையில் வந்தால் நேராக இங்கே வரலாம், ஸ்பேனர்களைத் தன் இஷ்டப்படி மாட்டிவைக்கலாம். அந்த நினைப்பு நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் விட்டுப் பார்த்த சோதனை நடுவில் வந்து நின்றது. ஓட ஓட ரிங் படிந்து அழுத்தம் ஏறும் என்றால், ஆயில் விட்டபோதே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையே. ரிங்கிலும் கசிவில்லை, ஹெட்டிலும் கசிவில்லை, மீட்டரும் இப்போது யோக்கியம். காற்று எங்கேயும் போகாமலே அழுத்தம் குறைகிறது என்றால், அது நெருங்குகிற இடம் பெரிசாக இருக்கிறது என்று அர்த்தம். நாலாவது வழி ஒன்று இருந்திருக்கிறது.

சும்மா விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நூற்றுப்பத்தில் வண்டி தாராளமாக ஓடும். மேட்டில் கொஞ்சம் திணறினால் வண்டி பழசு என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். அவளுக்கும் அப்படி விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தெரிந்தே ஒரு திணறலை உள்ளே வைத்து மூடிவிட்டு, அந்த இன்ஜினைக் காட்டி வாங்கிய பெஞ்சில் தினமும் எப்படி உட்காருவது? அண்ணன் டீயோடு வருவதற்குள் அவள் மறுபடியும் பிளக்கைக் கழற்றிவிட்டாள்.

வயர் பற்றவைக்கிற ஈயக் கம்பியில் ஒரு துண்டை நறுக்கி வளைத்து, பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டரின் ஓரம் வரை நுழைத்தாள். கிக்கரைக் கையால் அழுத்திப் பிஸ்டனை ஒரு தடவை உச்சியைத் தாண்ட வைத்தாள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்குக் கம்பி நசுங்கும். நன்றாகத் தட்டையாகி வர வேண்டிய நுனி, லேசாக மட்டும் நசுங்கி வந்தது. அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, சிலிண்டர் கீழே இன்ஜின் உடம்போடு சேரும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். இரண்டு இரும்புக்கும் நடுவில் பேக்கிங் என்று ஒரு கெட்டிக் காகிதம் வைப்பார்கள். அதன் ஓரம் வெளியே ஒரு கோடாகத் தெரியும். அங்கே இரண்டு கோடு தெரிந்தது.

பாக்கெட்டில் அந்த இடத்துக்கு இரண்டு பேக்கிங் வந்திருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு. இரண்டில் எது பொருந்துகிறதோ அதைப் போட்டுக்கொள் என்று கொடுத்தது அது. அவளோ பாக்கெட்டில் வந்தது மிச்சமாகக் கூடாது என்று இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக் கட்டியிருக்கிறாள். அதனால் சிலிண்டர் முழுசும் ஒரு நகக்கன அளவு உயர்ந்து நிற்கிறது. ஊரையெல்லாம் நிற்கவைத்துத் திட்டிய சட்டம், கம்பெனிக்காரன் கிறுக்கனா என்ற அந்தக் கேள்வி, இப்போது அவள் கழுத்தையே பிடித்தது. லேத்துக்காரர் மேல் குற்றமில்லை, மீட்டர் மேல் இல்லை, அண்ணன் மேல் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை; முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

டீயோடு திரும்பிய அண்ணனுக்குப் பின்னாலேயே டாக்டரும் வந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை சேறு. அண்ணன் அவருக்கும் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தான். வண்டி தயார், இன்ஜின் ஜம்மென்று வந்திருக்கிறது, எங்கள் பட்டறையில் என் தங்கை கட்டிய முதல் இன்ஜின் என்றான். அவன் அவளை அப்படி நாலு பேர் முன்னால் மெச்சியது அதுதான் முதல் தடவை. அதை இன்னும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது.

"டாக்டர், வண்டி இன்னும் ரெடி ஆகல," என்றாள். "நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அடியில ஒரு பேக்கிங் போடற இடத்துல ரெண்டு போட்டுட்டேன். ஓடும், ஆனா மேட்டுல இழுக்காது. பிரிச்சு சரிபண்ணணும்."

அண்ணன் அவளையும் இன்ஜினையும் பார்த்தான். குனிந்து விளக்கைப் பிடித்து இரண்டு கோட்டையும் அவனே எண்ணிக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. இவ்வளவு நேரமும் அவனைக் குத்திக்கொண்டிருந்த ஊசி விவகாரம் இதோடு பைசல் ஆகிவிட்டது என்ற தெளிவு.

"ஆக பந்தயம் முடிஞ்சுது," என்றான். "நானா சொல்லல, நீயே ஒத்துக்கிட்டே. தள்ளு, நான் பாத்துக்கறேன். நீ கடைக்குப் போ."

அவள் வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"போக மாட்டேன்."

"பேசினது பேசினதுதான்."

"பேசினதே தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாயில்லாம தலைய ஆட்டிட்டேன். தப்பே பண்ணாதவங்களுக்குத்தான் பெஞ்சுன்னா, முதல்ல உன் பெஞ்ச காலி பண்ணணும். ரெண்டு வருஷமா தப்பான ஊசிய வச்சுக்கிட்டு நல்ல இன்ஜினையெல்லாம் பிரிச்சே. உன்ன யாராவது கடையில போய் உக்காருன்னு சொன்னாங்களா? நான் சொன்னேனா?"

அண்ணன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் டீயைப் பார்த்தார்.

"இத நான் கட்டினேன்," என்றாள் கடையக்கா. "தப்பாக் கட்டினேன். நானே பிரிப்பேன், நானே திரும்பக் கட்டுவேன். அடுத்ததுலயும் தப்பு வரும், அதையும் நானே பாத்துப்பேன். இந்தப் பெஞ்ச நீ எனக்குக் குடுக்கவும் வேணாம், எங்கிட்டேர்ந்து எடுக்கவும் வேணாம். பாதி என்னுது."

டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் ஒரு தடவ தப்பான மாட்டுக்கு ஊசி போட்டிருக்கேன்," என்றார். "மறுநாளும் அதே பண்ணைக்குத்தான் போனேன். நீங்க நிதானமா பாருங்க, கடையக்கா. நான் உக்காந்திருக்கேன்."

சொன்னபடி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கடையக்கா ஸ்பேனரை எடுத்தாள். ஹெட்டின் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தினாள், சிலிண்டரை அசைத்து அசைத்து மேலே உருவினாள். நசுங்கி ஒட்டிப்போயிருந்த இரண்டு பேக்கிங்கையும் பிளேடால் சுரண்டி எடுத்து, இடத்தைக் கண்ணாடியாகத் துடைத்தாள். முன்கடைக்குப் போய் அவளே புது பேக்கிங் பாக்கெட் ஒன்று எடுத்துவந்தாள். ஈயக் கம்பியின் தடிப்பையும் இரண்டு பேக்கிங்கின் தடிப்பையும் அளந்து கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மெல்லிசானதைப் போட்டாள். தடிப்பானது பெஞ்சின் மேலேயே கிடந்தது.

அண்ணன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். சிலிண்டரைத் திரும்ப இறக்கும்போது ஒருவர் பிஸ்டனைப் பிடித்துக்கொள்வதுதான் பட்டறை வழக்கம்; அவன் கை அரைவாசி நீண்டு வந்தது. அவள் கவனிக்காத மாதிரி பிஸ்டனுக்கு அடியில் இரண்டு மரத்துண்டைச் செருகி நிறுத்தி, ரிங்குகளை விரலால் அழுத்திக்கொண்டு சிலிண்டரைத் தானே இறக்கினாள். கை திரும்பிப் போய்விட்டது. அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அதற்காக வேலையை அவனிடம் கொடுக்கிற அளவுக்குப் பாவமாக இல்லை. ஹெட்டை வைத்து, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிரெதிரே மாற்றி மாற்றி இறுக்கி, மீட்டரை மாட்டி உதைத்தாள்.

முள் நூற்றிருபதைத் தாண்டிப் போய் நின்றது.

பிளக்கை மாட்டியதும் டாக்டர் தானே வந்து கிக்கரை உதைத்தார். இரண்டாவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்க நீலப் புகை சூழ்ந்து, ஜன்னல் கம்பிகள் கிடுகிடுத்தன. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் போனது நல்லதாகப் போயிற்று. டாக்டர் ஏறி உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாகக் கையை ஆட்டிவிட்டு, பின்வாசல் வழியாக மேட்டுப் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். சத்தம் சரிவில் ஏறி, திணறாமல், ஒரே சீராகத் தேய்ந்து போவதைக் கடையக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

முன்கடைப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பிரேக் கேபிள் வேண்டுமாம், யாரும் இல்லையா என்று கேட்டார்கள். அண்ணன் பழக்கதோஷத்தில் தங்கையைப் பார்த்தான். அவள் பெஞ்சில் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள், இந்தத் தடவை கொஞ்சம் எரிச்சலோடு.

"நீ போய் பாருண்ணே," என்றாள்.

அவன் நின்றான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் போனான். டப்பாக்களை இழுக்கிற சத்தமும் எதுவோ கீழே கொட்டுகிற சத்தமும் கேட்டன.

"இந்த பிரேக் கேபிளெல்லாம் எங்க வச்சிருக்கே?" என்று அங்கிருந்து கத்தினான்.

"தேடு," என்றாள் கடையக்கா. "எனக்கும் யாரும் காட்டிக் குடுக்கல."